சேலம், நாமக்கல் மாவட்டக் கத்தோலிக்கப் பள்ளிகளில் நடுநிலைக் கல்வி

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கத்தோலிக்க மறைமாவட்டமும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளில் 6, 7, 8 ஆம் வகுப்பு மாணவர்கள் கற்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களிலும் இம்மாணவர்கள் அரசுப் பள்ளி மாணவர்கள் படிக்கும் அதே நூல்களையே படிக்கின்றனர். கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வியும் பிற மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் கூடுதலாகக் கற்பிக்கப்படுகின்றன. சமயப் போதனையில் பங்கேற்பதா இல்லையா என்பதை முடிவு செய்யும் உரிமையை இந்திய அரசமைப்பு பெற்றோரிடம் விட்டுள்ளது.

மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

சொல் விளக்கம்

தமிழ்நாட்டில் "நடுநிலைப் பள்ளி" என்பது பொதுவாக 1 முதல் 8 வரை வகுப்புகள் உள்ள பள்ளியைக் குறிக்கும். 6, 7, 8 ஆம் வகுப்புகள் மட்டும் "நடுநிலை வகுப்புகள்" அல்லது "உயர் தொடக்க நிலை" எனப்படுகின்றன. இவ்வகுப்புகள் நடுநிலைப் பள்ளிகளில் மட்டுமன்றி உயர்நிலை, மேல்நிலை, மெட்ரிகுலேசன் பள்ளிகளிலும் உள்ளன. மாணவர்களின் வயது ஏறத்தாழ 11 முதல் 14 வரை.

"கிறித்தவப் பள்ளி" என்று பொதுவாக அழைக்கப்படுபவை அனைத்தும் கத்தோலிக்கப் பள்ளிகள் அல்ல. சேலத்தில் 19 ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய இலண்டன் மிசன் சங்கம் சீர்திருத்தத் திருச்சபை மரபைச் சேர்ந்தது. அதன் வழிவந்த நிறுவனங்கள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின்கீழ் உள்ளன. கத்தோலிக்கப் பள்ளிகள் சேலம் மறைமாவட்டத்தையோ ஒரு துறவற சபையையோ சார்ந்தவை.

பின்னணி

இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1623 இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். இப்பகுதியில் கத்தோலிக்கப் பணியின் தொடக்கங்களுள் ஒன்றாக இப்பயணம் கருதப்படுகிறது. 1773 இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள் தமிழகப் பணியை ஏற்றனர். சேலம் மறைமாவட்டம் 1930 இல் உருவாக்கப்பட்டது. அதன் முதல் ஆயரான ஆன்றி புரூனியே இச்சபையைச் சேர்ந்தவர். 1997 இல் தருமபுரி தனி மறைமாவட்டமானது. அதன் பின் சேலம் மறைமாவட்டம் பெரும்பாலும் சேலம், நாமக்கல் மாவட்டங்களைக் கொண்டதாக உள்ளது.

சேலம் நகரில் புனித பால் மேல்நிலைப் பள்ளி, சிறுமலர் மேல்நிலைப் பள்ளி, குளூனி மெட்ரிகுலேசன் மேல்நிலைப் பள்ளி, அம்மாபேட்டை ஓலிகிராசு மெட்ரிகுலேசன் மேல்நிலைப் பள்ளி முதலியவை அறியப்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகள். பள்ளியின் பெயரே பல நேரங்களில் அதன் மரபைச் சொல்லிவிடும். "சிறுமலர்" என்பது பிரான்சு நாட்டுப் புனிதை குழந்தை இயேசுவின் தெரேசாவின் சிறப்புப் பெயர். "குளூனி" என்பது அன்னை அன்னமரி சவூகே 1807 இல் பிரான்சில் தொடங்கிய குளூனி புனித சூசையப்பர் சபையைக் குறிக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் 6.12 விழுக்காடு. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இவ்விகிதம் மாநிலச் சராசரியைவிடக் குறைவு. எனவே இப்பள்ளிகளில் கிறித்தவர் அல்லாத மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் படிக்கின்றனர். சமயப் பாடம் யாருக்கு என்ற கேள்வி இங்கு முக்கியமாவதற்கு இதுவே காரணம்.

பள்ளிகளின் வகைகள்

கத்தோலிக்கப் பள்ளிகள் நிதி அடிப்படையில் இரு வகைப்படும்.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒப்புதல் பெற்ற ஆசிரியர் பணியிடங்களுக்கு அரசு ஊதியம் வழங்குகிறது. நிருவாகம் மறைமாவட்டத்திடமோ சபையிடமோ இருக்கும். நடுநிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லாப் பாடநூல்கள், குறிப்பேடுகள், பேருந்துப் பயண அட்டை போன்றவை கிடைக்கும். சத்துணவுத் திட்டத்தில் பதிந்தவர்களுக்குச் சீருடையும், முட்டையுடன் மதிய உணவும் உண்டு. 1982 இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984 இல் 10 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமோ 1 முதல் 5 வகுப்புகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே ஒரே வளாகத்தில் ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு உண்ட குழந்தைக்கு ஆறாம் வகுப்பில் அது நின்றுவிடும்.

சுயநிதிப் பள்ளிகள், குறிப்பாக மெட்ரிகுலேசன் பள்ளிகள், மாணவர் கட்டணத்தில் இயங்குகின்றன. இவை பெரும்பாலும் ஆங்கில வழியில் கற்பிக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்கள் இவற்றுக்குப் பொருந்தா. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014 இல் பிரமாத்தி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சரித்தன்மையை ஆராயும்படி உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு 2025 செப்டம்பரில் பரிந்துரைத்தது.

பொதுப் பாடங்கள்

2010 வரை மெட்ரிகுலேசன் பள்ளிகளும் மாநில வாரியப் பள்ளிகளும் வெவ்வேறு பாடத்திட்டங்களைப் பின்பற்றின. சமச்சீர் கல்விச் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டு, 2010–11 இல் முதலில் 1 ஆம் வகுப்பிலும் 6 ஆம் வகுப்பிலும் பொதுப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2011–12 இல் அது 10 ஆம் வகுப்புவரை விரிந்தது. தற்போதைய நூல்கள் 6 ஆம் வகுப்புக்கு 2018–19 இலும், 7, 8 ஆம் வகுப்புகளுக்கு 2019–20 இலும் வெளியாயின.

மொழிப்பாடம்

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் பேசும் குடும்பங்கள் பல வாழும் சேலம் நகரில், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் கற்கின்றனர்.

தமிழ்ப் பாடநூல்கள் எச்சமயத்தையும் தனித்து முன்னிறுத்துவதில்லை. ஆறாம் வகுப்பில் புத்தரைப் பற்றிய கவிமணியின் ஆசிய ஜோதி உள்ளது. எட்டாம் வகுப்பின் ஓர் இயலில் திருமூலரும், குணங்குடி மஸ்தான் சாகிபும், அயோத்திதாசரும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றனர். அதே வகுப்பில் தமிழ் வரிவடிவ வளர்ச்சி பற்றிய பாடம் இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களில் செய்த மாற்றத்தையும், பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தையும் சேர்த்தே கூறுகிறது. ஒரு துறவியும் ஒரு கடவுள் மறுப்பாளரும் ஒரே பாடத்தில் வருகின்றனர். கத்தோலிக்கப் பள்ளியிலும் இப்பாடம் மாற்றமின்றி நடத்தப்படுகிறது. திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றிலிருந்து 105 அதிகாரங்கள் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன.

கணிதமும் அறிவியலும்

முழுக்கள், இயற்கணிதம், விகிதம், சதவீதம், தனிவட்டி, வடிவியல், புள்ளியியல் ஆகியவை கணிதத்தின் முக்கியப் பகுதிகள். தகவல் செயலாக்கம் என்ற பகுதி மூன்று வகுப்புகளிலும் உள்ளது. புதிர், அமைப்பு, வரிசை ஆகியவற்றின்வழி கணினிச் சிந்தனையை அறிமுகப்படுத்துவது இதன் நோக்கம்.

அறிவியலில் அளவீடு, விசை, பருப்பொருள், தாவர உலகம், உடல்நலம் முதலியவை படிப்படியாக விரிகின்றன. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் உண்டு. உடல் மாற்றங்கள், இயக்குநீர்கள், மாதவிடாய், தன்சுத்தம் ஆகியவற்றை அது விளக்குகிறது. பல வீடுகளில் வெளிப்படையாகப் பேசப்படாத இவற்றை மாணவர்கள் முறையாகக் கேட்பது பெரும்பாலும் இவ்வகுப்பில்தான்.

சமூக அறிவியல்

ஆறாம் வகுப்பு மனிதப் பரிணாமம், சிந்துவெளி, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள், சமண பௌத்தச் சிந்தனைகள் ஆகியவற்றை அறிமுகப்படுத்துகிறது. குடிமையியலில் பன்முகத்தன்மையும் சமத்துவமும் பேசப்படுகின்றன. ஏழாம் வகுப்பு இடைக்கால வரலாற்றையும், பக்தி, சூபி இயக்கங்களையும் கூறுகிறது. எட்டாம் வகுப்பு ஐரோப்பியர் வருகையில் தொடங்குகிறது. பாளையக்காரர் எதிர்ப்பைப் படிக்கும்போது சேலம், நாமக்கல் மாணவர்களுக்கு அருகிலுள்ள ஓர் இடம் பாடத்தோடு சேரும். தீரன் சின்னமலை 1805 இல் தூக்கிலிடப்பட்டது சேலம் மாவட்டத்தின் சங்ககிரிக் கோட்டையில்தான்.

இந்தியாவில் கல்வி வளர்ச்சி, சமயச்சார்பின்மை என்ற இரு எட்டாம் வகுப்புப் பாடங்கள் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்களுக்கு நேரடித் தொடர்புடையவை. முன்னது, மறைபணியாளர்களின் பள்ளிகள் உருவான காலத்தையும் உள்ளடக்கியது. பின்னது, தம் வகுப்பறைக்கே பொருந்தும் உரிமைகளைப் பற்றியது.

மதிப்பீடு

தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை 2012–13 இல் 8 ஆம் வகுப்புவரை கொண்டுவரப்பட்டது. செயல்பாடு, சிறுதேர்வு ஆகியவற்றுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், எழுத்துத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் வகுக்கப்பட்டன. 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்தும் அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. மறைக்கல்வி, நன்னெறிக் கல்வி ஆகியவற்றின் மதிப்பெண்கள் மாநிலப் பாடங்களின் தேர்ச்சியைப் பாதிப்பதில்லை.

மறைக்கல்வி

கத்தோலிக்க மாணவர்களுக்குத் திருச்சபையின் நம்பிக்கையைக் கற்பிப்பது மறைக்கல்வி. முன்பு இது "ஞானோபதேசம்" எனப்பட்டது. பள்ளியில் ஒரு பாடவேளையாகவும், பங்கு ஆலயத்தில் ஞாயிறு வகுப்பாகவும் இது நடைபெறும். தமிழகத் திருச்சபையில் இத்துறைக்கான பயிற்சியிலும் வெளியீட்டிலும் திண்டிவனத்தில் உள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்துக்கு முக்கிய இடமுண்டு.

நடுநிலை வகுப்பு வயதில் மாணவர்கள் வழக்கமாகக் கற்பவை:

- பழைய ஏற்பாட்டின் மீட்பு வரலாறு, நற்செய்தி நூல்களில் இயேசுவின் வாழ்வும் உவமைகளும்
- நம்பிக்கை அறிக்கையின் பொருள்
- திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம் ஆகிய ஏழு அருட்சாதனங்கள்
- பத்துக் கட்டளைகளும் அன்றாட வாழ்வில் அவற்றின் பயனும்
- திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் முதலிய வழிபாட்டு ஆண்டின் பிரிவுகள்
- செபமாலை முதலிய பக்தி முயற்சிகள், புனிதர்களின் வரலாறு

பெரும்பாலோர் இவ்வகுப்புகளுக்கு முன்போ இவற்றின் தொடக்கத்திலோ புதுநன்மை பெற்றிருப்பர். பல பங்குகளில் உறுதிப்பூசுதலுக்கான ஆயத்தம் இந்த வயதையொட்டித் தொடங்குகிறது.

ஒரே வகுப்பில் படிக்கும் கத்தோலிக்க மாணவரும் தென்னிந்தியத் திருச்சபை மாணவரும் சில இடங்களில் வேறுபடுவர். "தாய் தந்தையை மதித்து நட" என்பது கத்தோலிக்க எண்ணுமுறையில் நான்காம் கட்டளை, தென்னிந்தியத் திருச்சபையினருக்கு ஐந்தாம் கட்டளை. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன, மற்றவரிடம் 66 நூல்கள். ஆகவே கிறித்தவ மாணவர் அனைவருக்கும் மறைக்கல்வி பொது என்று கொள்ள முடியாது. கத்தோலிக்கர் அல்லாத கிறித்தவப் பெற்றோரும் தம் விருப்பத்தைப் பள்ளியிடம் தெரிவிக்கலாம்.

பரிணாமமும் படைப்பும்

ஆறாம் வகுப்பு மாணவர் ஒரு பாடவேளையில் மனிதப் பரிணாமத்தையும், மற்றொன்றில் தொடக்கநூலின் படைப்பு வரலாற்றையும் கேட்க நேரிடும். இரண்டில் எது சரி என்ற கேள்வி இயல்பாகவே எழும். கத்தோலிக்கத் திருச்சபை பரிணாமக் கொள்கையை மறுப்பதில்லை. மனித உடலின் தோற்றம் குறித்த பரிணாம ஆய்வுக்குத் தடையில்லை என்று 1950 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் கூறினார். பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற அளவைக் கடந்துவிட்டது என்று 1996 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்றார். ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பது திருச்சபையின் நம்பிக்கை. எனவே மறைக்கல்வியில் படைப்பு வரலாறு, உலகம் யாரால், எதற்காக என்ற கேள்விக்கான விடையாக விளக்கப்படுகிறதே தவிர, பாடநூலின் பரிணாமத்துக்கு மாற்றாக வைக்கப்படுவதில்லை.

நன்னெறிக் கல்வி

மறைக்கல்வி நடக்கும் அதே பாடவேளையில் பிற மாணவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடத்துவது பல கத்தோலிக்கப் பள்ளிகளின் வழக்கம். உண்மை, நேர்மை, நட்பு, சினம் அடக்குதல், பாலினச் சமத்துவம், சாதி வேற்றுமை, சுற்றுச்சூழல், கைப்பேசிப் பயன்பாடு போன்றவை இதன் பேசுபொருள்கள். கதை, உரையாடல், நடிப்பு, குழு வேலை ஆகியன முறைகள். ஆசிரியரின் ஈடுபாட்டைப் பொறுத்து வகுப்பின் தரம் மாறும். தேர்வு இல்லாத பாடம் என்பதால் தேர்வுக் காலத்தில் கணிதமோ அறிவியலோ இந்நேரத்தை எடுத்துக்கொள்வதும் உண்டு.

சட்ட நிலை

அரசமைப்பின் 30(1) ஆம் பிரிவு, சமய மொழிச் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை அளிக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிகள் இயங்குவது இவ்வுரிமையின்கீழ். 28 ஆம் பிரிவு மாணவரின் பக்கம் நிற்கிறது. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் சமயப் போதனை இருக்கலாம். ஆனால் எவரையும் அவரது சம்மதமின்றி அதில் பங்கேற்கவோ, அங்கு நடக்கும் வழிபாட்டில் கலந்துகொள்ளவோ வற்புறுத்த முடியாது. மாணவர் வயதுவராதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவை.

நடுநிலை வகுப்பு மாணவர் அனைவரும் வயதுவராதவர்களே. எனவே முடிவு பெற்றோருடையது. அங்கீகாரம் பெற்ற மெட்ரிகுலேசன் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். சுயநிதிப் பள்ளி என்பதால் விதி மாறாது. மறைக்கல்வி, திருப்பலி, செபமாலை ஆகியவற்றில் தம் பிள்ளை பங்கேற்பதை விரும்பாத பெற்றோர் அதைப் பள்ளியிடம் எழுத்தில் தெரிவிப்பது நல்லது. விரும்பிச் சேர்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

திருச்சபையின் நிலைப்பாடும் இதற்கு முரணானது அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கிறித்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கையையும் சமயச் சுதந்திரம் பற்றி மற்றோர் அறிக்கையையும் வெளியிட்டது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024 இல் தம் பள்ளிகளுக்கு வழங்கிய வழிகாட்டுதலில், பிற சமய மாணவர்கள்மீது கிறித்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்றும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

பாடத்துக்கு வெளியே

சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானவை. கத்தோலிக்கப் பள்ளிகளில் கூடுதலாக இளம் கிறித்தவ மாணவர் இயக்கம் செயல்படுவதுண்டு. பெல்சியக் குரு யோசேப்பு கார்டின் தொழிலாளர் இளைஞர்களுக்காக உருவாக்கிய "பார், தீர்மானி, செயல்படு" என்ற முறையை இது பின்பற்றுகிறது. மாணவர்கள் தம் தெருவில் உள்ள ஒரு சிக்கலை நேரில் கண்டு, காரணத்தை ஆராய்ந்து, தம்மால் இயன்ற ஒன்றைச் செய்ய வேண்டும்.

வட்டாரச் சூழல்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், ஆத்தூர், இராசிபுரம் சவ்வரிசி ஆலைகள், நாமக்கல் கோழிப் பண்ணைகள், லாரிப் பட்டறைகள், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் ஆகியவை இப்பகுதியின் தொழில்கள். நடுநிலை வகுப்பு வயதில்தான் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில் பழகும் வலிமை வருகிறது. பள்ளியை விட்டு நிற்கும் ஆபத்தும் அப்போதே தொடங்குகிறது. 2016 சட்டத் திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டவரைப் பணியில் அமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் தடை செய்யப்பட்டுள்ளது. பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு மட்டும், அபாயமற்ற வேலையெனில், விலக்கு உண்டு.

மறுபுறம், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகள் மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் மையமாகக் கொண்ட உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றவை. மேல்நிலை வகுப்பில் 11 ஆம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு 12 ஆம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டு நடத்தும் பழக்கத்தைத் தடுக்க, 2017–18 இல் 11 ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அத்தேர்வு கைவிடப்படும் என 2025 இல் அறிவிக்கப்பட்டது. இப்போட்டியின் அழுத்தம் நடுநிலை வகுப்புகளையும் எட்டுகிறது. நன்னெறி, உடற்கல்வி, ஓவியம், நூலகம் ஆகிய பாடவேளைகள் உண்மையில் நடக்கின்றனவா என்பது கத்தோலிக்கப் பள்ளி உட்பட எந்தப் பள்ளியையும் மதிப்பிட உதவும் எளிய கேள்வி.

ஆறாம் வகுப்புச் சேர்க்கையின் விளைவுகள்

ஆறாம் வகுப்பில் எந்த வகைப் பள்ளியில், எந்தப் பயிற்று மொழியில் பிள்ளை சேர்கிறது என்பது பின்னர் வரும் அரசு உதவிகளைத் தீர்மானிக்கிறது.

- புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்: உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் இத்திட்டங்களுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி மாணவியருக்குப் புதுமைப்பெண் 2024–25 முதல் விரிவுபடுத்தப்பட்டது.
- தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு: அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 8 ஆம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. தேர்வு பெறுவோருக்கு 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். சுயநிதி மெட்ரிகுலேசன் மாணவர்கள் எழுத முடியாது.
- மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு: 2020 இல் வந்த இச்சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியது. அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்களுக்கு இது கிடைக்காது.

கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் சேர்க்கையின்போதே மூன்று செய்திகளைக் கேட்டறிவது பயன்தரும்: குறிப்பிட்ட வகுப்புப் பிரிவு அரசு உதவி பெறுவதா சுயநிதியா, பயிற்று மொழி எது, மறைக்கல்வி நேரத்தில் தம் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும். உதவி பெறும் பள்ளியின் வளாகத்திலேயே சுயநிதி ஆங்கில வழிப் பிரிவுகளும் இயங்கக்கூடும் என்பதால் முதல் கேள்விக்குப் பள்ளியின் பெயர்ப்பலகை மட்டும் விடையாகாது.